செகண்ட் ஷிப்ட் பன்

சுஜாதா எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி ஆனதற்கு அவளுடைய வாயைத் தவிர வேறு காரணம் கிடையாது. தலைவியைத் தேர்ந்தெடுத்த அன்று பெற்றோர் எல்லாரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யார் தலைவியாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊரே ஊமையாகிவிட்டது. "ஏன், இத்தன பேருல ஒருத்தருக்குமா வாயில்ல?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு அவள் என்ன மறுத்தும் எடுபடவில்லை.

நான் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. ஓசூரிலிருந்து சானமாவுக் காட்டுப் பக்கம் வரும் சாலையில், ஒரு கம்பெனி மதிலுக்கும் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறோம். மதிலுக்கு அந்தப் பக்கம் காருக்கான ஒயர் கட்டுகள் செய்கிறார்கள். கேட் மட்டும் மறுபக்கச் சாலையில், பஸ் ஏறிப் போகிற தூரம். எங்கள் பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. சுஜாதாவுக்கும் அங்கேதான். மத்தூர்ப் பக்கம் பிறந்து, கல்லாவிக்கார ஆஞ்சப்பனைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தவள். ஆஞ்சப்பனுக்கு கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் பகல் வேலை. பெண் காவேரி எங்களிடம் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள்.

பெண்ணோடு எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவனுக்குப் பகல், அவளுக்கு எந்த மாதமும் செகண்ட் ஷிப்ட். மத்தியானம் கம்பெனி பஸ் ஏறினால், ஊரூராக ஆளை இறக்கிவிட்டு அவளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது காவேரி தூங்கிப்போயிருப்பாள். காலையில் காவேரி பள்ளிக்குக் கிளம்பும்போது சுஜாதா தூங்கிக்கொண்டிருப்பாள். யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு. அதில் அம்மாவும் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

"அலாரம் வெச்சுகினு எந்திரிக்கறதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெக்கறேன் டீச்சர். அவரு அமுத்திடறாரு. தூக்கக் கலக்கத்துல மிசின்ல கைய உட்டுக்குவேனாம்."

ஆஞ்சப்பன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பக்கத்து மிசின்காரி ஒருத்திக்கு அப்படி விரல் நுனி போயிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பன் வருகிறது. செகண்ட் ஷிப்டுக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் கேன்டீனில் டீயும் தின்பண்டமும் கொடுப்பார்கள். ஒருநாள் க்ரீம் பன், ஒருநாள் ஜாம் பன், சனிக்கிழமையானால் கேக். டீயை மட்டும் குடித்துவிட்டு, பன்னைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். சுஜாதா மட்டுமில்லை, பிள்ளை பெற்ற எல்லாருமே. கேன்டீன் பண்டத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துக்குக் கீழே நின்றுதான் சுற்றுவார்கள்.

கேட்டில் லால் பாஷா இருப்பார். தாமிரக் கம்பி ஏதும் வெளியே போகிறதா என்று பையைப் பார்ப்பது அவர் வேலை. "எந்தப் பையத் திறந்தாலும் பன்னு. நீங்க ஒயரு பண்றீங்களாம்மா, இல்ல பேக்கரி வெச்சிருக்கீங்களா?" என்பார். "உங்க பையத் திறங்க பாய், அப்பறம் பேசலாம்" என்பாள் சுஜாதா. அத்தோடு சோதனை முடிந்துவிடும். அவருக்கும் வீட்டில் பேரன் இருந்தான்.

அந்தப் பன் சுஜாதா வீட்டில் ஒரு தட்டில், எறும்பு ஏறாமல் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்படும். காலையில் காவேரி பாதியைத் தன் ஸ்நாக்ஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு, மீதியை அம்மாவுக்கு வைத்து மறுபடி கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் போவாள். எழுந்ததும் சுஜாதா அதைத் தின்பாள். வாரம் முழுக்க அவர்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

இந்தப் பன் விஷயம் எதுவும் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைகளின் பற்கள்தான். வாயைத் திறந்தால் பாதிப் பேருக்குச் சொத்தை. துணை சுகாதார நிலைய நர்ஸ் தஸ்லிம் பார்த்துவிட்டு, "டீச்சர், களி திங்கற ஊரு பிள்ளைங்க பல்லா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஓடவிட்டுப் பார்த்தால் மைதானத்தை ஒரு சுற்று வருவதற்குள் மூச்சு வாங்கியது.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் சமூகப் பணி பார்க்கிற சிஎஸ்ஆர் பிரிவிலிருந்து ஹரீஷ்குமார் என்ற பையன் வந்து சேர்ந்தான். பெங்களூரிலிருந்து தினமும் பைக்கில் வருபவன். நல்ல பிள்ளை. ஆனால் எதைச் செய்தாலும் முதலில் பேனர் அடிக்க வேண்டும் அவனுக்கு. "நல்லா சாப்பிடு, நல்லா விளையாடு" என்று ஒரு திட்டம். கம்பெனி, பள்ளி, சுகாதார நிலையம், ஊராட்சி எல்லாரும் கைகோத்துச் செய்கிறோமாம். பேனரில் இருந்த முத்திரைகளைப் பார்த்தால் பாகிஸ்தானோடு ஒப்பந்தம் போடுகிறோமோ என்று தோன்றும். ஊராட்சி ஷாமியானா கொடுத்தது. வனத்துறையையும் சேர்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் காலையில் பிள்ளைகள் மைதானத்தில் ஓட வேண்டுமென்றால், காட்டிலிருந்து யானை இறங்கவில்லை என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

தொடக்க விழாவில் தலைவி பேசினாள். பேசினாள் என்றா சொன்னேன்? முழங்கினாள். "பேக்கரிப் பண்டம் இனிமே எங்க யாரு ஊட்டு டப்பாவுலயும் வராது! இது சத்தியம்!" என்று கையை நீட்டினாள். பிள்ளைகளும் நீட்டினார்கள். ஹரீஷ்குமார் கைதட்டியதில் மைக் கீழே விழுந்தது. அன்று மத்தியானமே அவள் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனாள். சாயங்காலம் டீ வந்தது. கை தன் பாட்டுக்குப் பன்னைச் சுற்றிப் பையில் போட்டது. சத்தியம் செய்ததும் அதே கைதான் என்று அதற்கு யார் ஞாபகப்படுத்துவது?

மறுநாள் டப்பா சோதனை. இதற்கென்று அம்மாக்களை முறை வைத்திருந்தோம். முதல் முறை தலைவிக்கே. ஆஞ்சப்பனிடம் சண்டை போட்டு எழுந்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, காலை இடைவேளைக்குச் சரியாக வந்துவிட்டாள். கழுத்தில் ஹரீஷ்குமார் கொடுத்த அடையாள அட்டை வேறு. வரிசையாகப் பிள்ளைகள் டப்பாவைத் திறந்து காட்டினார்கள். கொய்யா, வேர்க்கடலை, ஒரு டப்பாவில் முந்தின நாள் களி உருண்டை. முன்னே நின்று தட்டிக்கொடுத்துக்கொண்டே போனவள் காவேரியிடம் வந்தாள்.

காவேரி திறந்தாள். பாதி க்ரீம் பன்.

"இன்னாடி இது?" அம்மா என்பதை மறந்து தலைவி கேட்டுவிட்டாள்.

"நீதானேம்மா வெச்ச?"

அந்த வாரத்தில் அம்மாவும் பெண்ணும் கண் விழித்துப் பேசிக்கொண்ட முதல் வார்த்தை இதுதான். அதுவும் முழுப் பள்ளியின் முன்னால். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு மதிலைத் தாண்டிக் கம்பெனிக்கே கேட்டிருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன். சுஜாதாவும் சேர்ந்து சிரித்தாள். காவேரி சிரிக்கவில்லை. டப்பாவை மூடிப் பையின் அடியில் திணித்துக்கொண்டாள்.

அப்புறம் சுஜாதாவை என் அறைக்குக் கூப்பிட்டுக் கொஞ்சம் கிண்டல் செய்தேன். "சட்டம் போட்டவளே இப்படின்னா மத்தவளுங்கள நான் எப்படிம்மா கேக்கறது?" அப்போதுதான் கிண்ணம், பாதிப் பன் எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தது. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த வாரக் கடைசியில் பள்ளி கேட்டில் என்னை மடக்கினாள். முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், பாப்பா பன்ன தொடறதில்ல. வெச்சது வெச்சபடியே இருக்குது கிண்ணத்துக்குள்ள. எனக்குப் பாதின்னு கூட பிச்சு வெக்கல. கோவமா இருக்குதா, சத்தியத்துக்காவ உட்டுட்டாளா, ஒண்ணும் புரியல. கேக்கலாம்னா முழிச்சிருக்க மாட்டேங்குது. எம் பொண்ணு எனக்கு இல்லாமப் போயிருவாளோன்னு பயமா இருக்குது டீச்சர்."

"நீ வைக்காம இரேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

"வெக்காத இருந்தா நான் வந்ததே அவளுக்குத் தெரியாதே!"

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அழுகிற ஜாதி இல்லை. அழ வேண்டிய இடத்தில் எல்லாம் சண்டை போடுவாள். அந்த நேரம் பார்த்து, விளையாட்டுச் சாமான் கட்டிய பைக்கோடு ஹரீஷ்குமார் வந்து இறங்கினான், பாவம்.

"யோவ் சார், இங்க வாங்க. பன்னு திங்காதன்னு எங்க பிள்ளைங்களுக்கு வந்து சொல்லித் தர்றது யாரு? உங்க கம்பெனி. பன்னு குடுக்கறது யாரு? அதுவும் உங்க கம்பெனி. ஒரு கையில பேனரு, ஒரு கையில பன்னா? ஒண்ணு பன்ன நிறுத்துங்க, இல்ல பேனர அவுத்துகினு போங்க!"

ஹரீஷ்குமார் நடுங்கிப்போய், "ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று கன்னடத்திலேயே ஒப்புக்கொண்டான். கம்பெனியின் பன் சுவர் தாண்டித் தன் திட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. தெரிந்ததும் உட்காரவில்லை. கேன்டீன்காரர்களோடு பேசி, பன்னுக்குப் பதில் சுண்டல் என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒருநாள் கொண்டைக்கடலை, ஒருநாள் தட்டப்பயறு, பருவத்தில் அவரைக்கொட்டை. தேங்காய், மாங்காய் போட்டு, சூடாக, தட்டில்.

செகண்ட் ஷிப்டே கொதித்துப்போனது. சுண்டல் பிடிக்காததால் இல்லை, அது பைக்குள் வராததால். ஒருத்தி பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப்போய், சூட்டில் அது நீர் விட்டு, பஸ்ஸில் அவள் மடி நனைந்து, பக்கத்துக்காரி மடியும் நனைந்து பெரிய ரகளை. தஸ்லிமிடம் பிராது போயிற்று. "யாரு சார் இந்த ரோசனை சொன்னது?" என்று அவள் எல்லார் முன்னாலும் ஹரீஷ்குமாரைக் கேட்டதற்கு, அவன் விசுவாசமாக, "உங்க தலைவி மேடம்" என்று சொல்லித் தொலைத்துவிட்டான். சுஜாதாவோடு லைனில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. லால் பாஷா ஒருவர்தான் சந்தோஷமாக இருந்தார். கேட்டில் பையெல்லாம் காலியாக வந்தது.

எடுத்துப்போக முடியாத பண்டத்தை என்ன செய்வது? கொட்டவா முடியும்? மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, திட்டிக்கொண்டே அங்கேயே உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தார்கள். சுஜாதாவும் தின்றாள்.

இரண்டு மூன்று வாரம் போயிருக்கும். அம்மாக்களுக்கு ரத்தம் பார்க்கிற நாள். தஸ்லிம் என்னைத் தனியே கூப்பிட்டாள். "டீச்சர், செகண்ட் ஷிப்டுக்காரிங்க யாருக்கும் இந்த மாசம் தலசுத்தல் இல்லியாம். போன தடவ வரிசையா வந்து படுத்தாங்களே! நேரா கேட்டுட்டேன். மத்தியானச் சோத்துக்கப்பறம் வீடு போயி சேர்ற வரைக்கும் வெறும் டீயிலதான் நின்னுகினு இருந்திருக்காங்க, இத்தன வருசமா." எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைகளின் பல்லை எண்ணிக்கொண்டிருந்தோம். அந்தப் பல்லில் ஒட்டியிருந்தது அம்மாக்களின் சாப்பாடு என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

திட்டம் பெரிய வெற்றி என்று ஹரீஷ்குமார் அறிக்கை எழுதினான். பிள்ளைகளுக்காக ஆரம்பித்த திட்டத்தில் அம்மாக்கள் சதை போட்டார்கள் என்பதை மட்டும் எப்படி எழுதுவது என்று என்னிடம் வந்து கேட்டான். "உள்ளபடி எழுதுப்பா" என்றேன்.

எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடிந்தது. சுஜாதா மட்டும் வாயடங்கிப் போனாள். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் எழுந்து போனாள். "நெஞ்செரிச்சல் போயிடுச்சு டீச்சர், தெம்பா இருக்குது. ஆனா ஊட்டுக்குப் போனா பாப்பாக்கு வெக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரம் அவ மொகத்தப் பாத்துட்டு படுத்துக்கறேன். கோவமான்னு ஞாயித்துக்கெழமைல கேக்கவும் பயமா இருக்குது" என்றாள்.

திட்டத்தின் இரண்டாவது பாதி காலை விளையாட்டு. மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே மைதானத்தைத் திறந்துவிடுவோம். யானை இறங்காத நாட்களில் பிள்ளைகள் ஓடலாம், கயிறு தாண்டலாம், கபடி ஆடலாம். பெற்றோரும் வந்து கூட விளையாட வேண்டும் என்று பேனரில் போட்டிருந்தது. அப்பாக்கள் வந்தார்கள், மதிலோரம் நின்று போனைப் பார்த்தார்கள். கயிறு தாண்ட ஒருவரும் முன்வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை சுஜாதா வந்தாள். நைட்டி, மேலே துண்டு, கலைந்த தலை. அந்தக் கோலத்தில் தலைவியைப் பார்த்து மைதானமே நின்றது. பின்னாலேயே ஆஞ்சப்பன், அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். "அலாரத்த அமுத்துனேன் டீச்சர், அதுக்கு முன்னாலயே எந்திரிச்சு உக்காந்துகினு இருக்கறா" என்றான். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அவள் நேராகக் காவேரி நின்ற வரிசைக்குப் போனாள். கயிறு சுற்றிய பிள்ளைகள் பயந்துபோய் மெதுவாகச் சுற்றினார்கள். தாண்டினாள். துண்டு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான்கைந்து தாண்டலுக்குள் மூச்சு இரைத்தது. காவேரி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். "கால ஒண்ணா வெச்சு குதிம்மா!" என்றாள். சுஜாதா அவள் சொன்னபடி குதித்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாப்பா, எம் மேல கோவமா?" என்று இரைத்துக்கொண்டே கேட்டது காதில் விழுந்தது.

"கோவம்லாம் இல்ல. பன்ன முழுசா உனக்கு வெச்சேன். நீ ஏன் திங்கல?"

சுஜாதா புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "ரவ நேரம் மூச்சு வாங்கிக்கறேன், நீ ஆடு" என்றாள். உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். அந்தப் பெரிய வாய் லேசாகத் திறந்திருக்க, தலைவியம்மா காலை விளையாட்டில் தூங்கிப்போனாள்.

ஹரீஷ்குமார் சரியாக அந்த நேரத்துக்குக் கேமராவோடு வந்தான். பெற்றோர் பங்கேற்பு என்று படம் வேண்டுமாம், மேலிடத்தில் கேட்கிறார்களாம். மைதானத்தில் பங்கேற்றிருந்த ஒரே பெற்றோர் பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். "மேடம், கொஞ்சம் எழுப்பட்டுமா? ஒரே ஒரு போட்டோ" என்று என்னைக் கெஞ்சினான். சரி என்று நானே பெஞ்சுப் பக்கம் போனேன்.

காவேரி கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்து எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"எழுப்பாதீங்க டீச்சர். அதான் அம்மா வந்துட்டாங்கல்ல."

சொல்லிவிட்டு, கீழே விழுந்த துண்டை எடுத்து அம்மாவின் மேல் போர்த்தினாள். பிறகு திரும்ப ஓடிப்போய், கயிறு தாண்டுகிற வரிசையைப் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்து, ஆட ஆரம்பித்தாள்.